பௌர்ணமியன்று பாப்பாவை யார் பார்ப்பது?

விடுதி வரவேற்பு மேஜையில் உட்காருகிறவளுக்கு முதல் தகுதி சிரித்த முகம். இரண்டாவது, பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறதோ என்ற பதைப்பை அந்த முகத்தில் காட்டாமலிருப்பது. முதலாவது எனக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. இரண்டாவது இன்னும் வரவில்லை.

திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம் ஒரு சின்ன விடுதியில் வேலை. கணவருக்குச் சென்னையில் வேலை. சனிக்கிழமை வருவார், ஞாயிறு பஸ் ஏறிவிடுவார். மகள் இனியாவுக்கு இரண்டரை வயது. என் அம்மாவுக்கு முழங்கால் வலி, மாமியாருக்கு நான் வேலைக்குப் போவதே வலி. ஆகவே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினேன். நீங்களும் தேடியவர்தான் என்றால் மேற்கொண்டு படியுங்கள். தேடாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

வீட்டுக்கே வரும் ஆயா

முதலில் கிடைத்தவர் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் ஓர் அம்மா. பிள்ளை நம் வீட்டிலேயே, நம் பாயிலேயே தூங்கும். ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் அவர் பொறுப்பு. இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். இனியாவும் இரண்டே நாளில் அவர் இடுப்பில் ஏறிக்கொண்டாள்.

வந்தது ஒரு பௌர்ணமி. எங்கள் விடுதியில் அன்று பாத்ரூம் தவிர எல்லா இடத்திலும் ஆள் படுத்திருக்கும். விடிந்ததும் ஆயாவிடமிருந்து போன்: நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க ஆரம்பித்துவிட்டார்களாம், ஒரு வாரம் வரமாட்டாராம். கெஞ்சினேன். "அம்மா, இன்னிக்கு ஒருநாள் மட்டும் வந்துடுங்க, என் வேலையே போயிடும்" என்றேன். அவர் கொஞ்சமும் கோபப்படாமல் சொன்னார்: "மல்லாட்ட காத்துகினு இருக்காதும்மா. கொயந்த இருக்கும்."

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "மத்த நாள்ல லீவு போடு, நான் கேக்கல. இன்னொரு பௌர்ணமிக்குப் போட்டீன்னா, அப்புறம் தெனமும் லீவுதான்."

மாடிவீட்டுப் பெண்

அடுத்து, மாடிவீட்டில் இருந்த கல்லூரிப் பெண். தேர்வு விடுமுறை, வேண்டும்போது மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்வாள். நல்ல பெண். இனியாவுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள்.

ஒருநாள் மதியம் அழுதுகொண்டே போன் செய்தாள். இனியா உள்ளேயிருந்து கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுவிட்டாள், அடுப்பில் பால் இருக்கிறது என்றாள். விடுதியிலிருந்து வீடு இரண்டு தெருதான். அந்த இரண்டு தெருவையும் எப்படிக் கடந்தேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஜன்னலருகே போனபோதே பால் தீய்ந்த வாசனை வந்தது. உள்ளே என் மகள் குதித்துக் குதித்துச் சிரிக்கிறாள். "தாழ்ப்பாளத் தூக்கும்மா தங்கம்" என்றால், ஓடிப்போய் ஒரு கரண்டியைக் கொண்டுவந்து கம்பி வழியாக என்னிடம் நீட்டுகிறாள். அடுத்து சீப்பு. அடுத்து என் ஒற்றைச் செருப்பு. விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். நானும் அழாமல், சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்தேன். அடுப்புப் பக்கம் போகாமல் ஜன்னலண்டை இருந்தால் போதும் என்றிருந்தது. எதிர்வீட்டுக்காரர் கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தார்.

இனியாவைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணைத் திட்ட வாயைத் திறந்தேன். என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "துணி எடுக்கத்தான் அக்கா மாடிக்குப் போனேன். அவளுக்குத் தாழ்ப்பாள் எட்டும்னு நீங்க சொல்லவே இல்லையே!"

அடி அண்ணாமலை செல்வி

மூன்றாவது, தன் வீட்டிலேயே பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்கா. வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே. நான் போனபோது நாலைந்து பிள்ளைகள் வாசலில் மண் அளைந்துகொண்டிருந்தன. என் மகள் என் கையை உதறிவிட்டு அவர்களோடு போய் உட்கார்ந்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

காலையில் ஸ்கூட்டரில் விடுவது, மாலையில் அழைத்துவருவது என்று ஏற்பாடு. ஆனால் பௌர்ணமி? அன்றைக்கு லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றும். பாதையில் வண்டி போகாது. செல்வி அக்காவின் கணவர் வாசலிலேயே எலுமிச்சை ஜூஸ் கடை போடுவார், அக்காவும் கூட நிற்க வேண்டும். அக்கா விரலை நீட்டிச் சொன்னாள்: "பௌர்ணமின்னா மட்டும் நாலு மணிக்குள்ள வந்து இட்டுகினு போயிடணும்மா. அதுக்கு மேல ரோடு நம்ம கையில இல்ல."

நாலு மணி

அந்தப் பௌர்ணமியும் வந்தது. மூன்றரைக்கு எனக்குப் பதில் ஆள் வரவேண்டும். அவள் வந்த பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்; அங்கிருந்து நடந்து வருகிறாளாம். நாலு ஆயிற்று. நாலரை ஆயிற்று. செல்வி அக்காவுக்குப் போன் போட்டேன். கூட்டம் சேர்ந்தால் எங்கள் ஊரில் போன் படுத்துவிடும். எழுந்து ஓடினால் வேலை போகும், உட்கார்ந்திருந்தால் பிள்ளை என்னவாகும்? ஒரு கையில் சாவிக்கொத்து, ஒரு கையில் போன். வாயில் "வெல்கம் சார்".

ஐந்தரைக்கு அவள் வந்து சேர்ந்தாள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினேன். வாசலில் நின்ற பெங்களூர்க்காரர், என் வெறுங்காலைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டபடி சொன்னார்: "கிரிவலமாம்மா? எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கோங்க!"

பூட்டிய வீடு

வேண்டிக்கொண்டேதான் போனேன், ஆனால் அவருக்காக இல்லை. சாலை முழுக்க முதுகுகள். ஓட இடமில்லை. இடித்துக்கொண்டு முன்னால் போனேன், ஏச்சும் வாங்கினேன். நடுவில் ஒலிபெருக்கியில், "மஞ்சள் கவுன் போட்ட பெண் குழந்தை, பெயர் சொல்லத் தெரியவில்லை" என்றார்கள். காலையில் இனியாவுக்கு மஞ்சளா, பச்சையா? எனக்கு நினைவுக்கு வரவில்லை. பெற்றவளுக்கு நினைவில்லை! நடு ரோட்டில் நின்று அழுதேன். பிறகு, பொத்தான் போடும்போது அவள் கவுனில் போட்டிருந்த கிளியை முத்தமிட்டது ஞாபகம் வந்தது. பச்சை. மறுபடி நடந்தேன்.

செல்வி அக்கா வீடு பூட்டியிருந்தது. வாசலில் ஜூஸ் பிழிந்துகொண்டிருந்த அவள் கணவர் என்னைப் பார்த்து விழித்தார். அஞ்சு மணி வரைக்கும் பார்த்துவிட்டு, பாப்பாவை விடுதிக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று செல்வி அக்கா தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். "வழியெல்லாம் பார்த்துகிட்டே வந்தேனே, நான் பாக்கலையே!" என்று கத்தினேன். அவர் எலுமிச்சையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "எப்படிம்மா பாப்ப? அவ முன்னால போறா, நீ பின்னால வர்ற."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஊரில் மலையை வலமாகத்தான் சுற்றுவோம். நான் வந்த வழியில் எதிரே நடந்திருந்தால் செல்வி அக்கா நேராக என்னிடம் வந்திருப்பாள். இவளோ முக்கால் மலையைச் சுற்றி என் விடுதிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

குபேர லிங்கம் தாண்டி

பௌர்ணமி நிலா மலைக்கு மேலே வந்துவிட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்கள். நான் மட்டும் இடுப்புயரத்தில் பச்சை கவுன் தேடிக்கொண்டு போனேன். உள்ளங்கால் எரிந்தது. இனி வேலையே வேண்டாம், பிள்ளை கிடைத்தால் போதும் என்று மனசுக்குள் ராஜினாமா செய்துவிட்டேன்.

கிரிவலப் பாதைக் கோயில்களில் ஒன்றான குபேர லிங்கம் தாண்டி ஓர் அன்னதானப் பந்தலருகே, சாலையோரக் கல்லில் செல்வி அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் இனியா. நெற்றி நிறைய விபூதி, கையில் தொன்னை, வாயைச் சுற்றிப் புளிசாதம். என்னைப் பார்த்து, "அம்மா, சாமி!" என்று சோற்றைக் காட்டினாள். அவளை வாரிக்கொண்டு அழுதேன். பிறகு செல்வி அக்காமீது பாய்ந்தேன். "நான் வர்ற வழியிலேயே எதிரே நடந்து வந்திருக்கக் கூடாதா?"

அவள் சேலைத் தலைப்பால் இனியாவின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "பௌர்ணமியன்னிக்கு எதிர்லயா? இத்தினி ஜனம் முட்டிகினு வர்றப்ப, கைல கொயந்தைய வெச்சிகினு நானா? சாமி மன்னிச்சாலும் நீ மன்னிப்பியாம்மா?"

மீதிப் பாதையை மூவரும் சேர்ந்தே நடந்தோம், இனியா அவள் தோளில் தூங்கிப்போனாள், என் தோளில் இல்லை. ராஜினாமாவையும் மறுநாள் காலை மனசுக்குள்ளேயே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆகவே, ஆயாவா, அவசரத்துக்கு ஒரு பெண்ணா, பார்த்துக்கொள்ளும் வீடா என்று குழம்பி நிற்பவர்களே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்களிடமே வந்துசேரப் பார்க்கிறவளை எந்த ரகத்தில் கண்டாலும் விடாதீர்கள். என்ன, எந்தப் பக்கமாக வருவாள் என்று மட்டும் முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.