துணை ஆள் இல்லாமல் வந்த வண்டி

கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆண்டுதோறும் நடக்கும் சரக்கு வண்டிப் பந்தயத்தைப் பற்றி நான் வேலை செய்யும் நாளிதழுக்குப் போன வாரம் ஒரு குறிப்பு வந்தது. சிறு செய்தியாகச் சுருக்கும்படி என் மேசைக்கு அனுப்பினார்கள். குறிப்பின் கடைசியில் பந்தயத்தின் வரலாறு என்று ஒரு பத்தி இருந்தது. முதலாம் ஆண்டு இன்னார், இரண்டாம் ஆண்டு இன்னார் என்று ஜெயித்தவர்களின் பெயர்கள். மூன்றாம் ஆண்டுக்கு விழாக் கமிட்டித் தலைவரின் மூத்த மகன் பெயர் போட்டிருந்தது. அது பொய். அந்த ஆண்டு முதலில் எல்லையைத் தாண்டியது என் அப்பாவின் வண்டி. கண்மாய்க் கரையில் நின்று நான் பார்த்தேன்.

குறிப்பில் இல்லாத வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் அம்மன் திருவிழாவோடு மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கும். மாடுகளை ஓட்டக்கூடாது என்று தடை வந்தபோது, பந்தயம் இல்லாமல் திருவிழாவா என்று ஊர் கூடிப் பேசியது. மாடுதானே கூடாது, வண்டி கூடாது என்று எவன் சொன்னான் என ஒருவர் கேட்க, சரக்கு வண்டிகளை ஓட்டுவது என்று முடிவாயிற்று. ஆனால் சட்டதிட்டம் எதையும் மாற்றவில்லை. மாடுகளைப் பிரிப்பதுபோலவே வண்டிகளையும் பிரித்தார்கள். பிக்கப் வண்டிகள் பெரிய மாடு. குட்டியானைகள் சிறிய மாடு. லோடு ஆட்டோக்கள் எல்லாவற்றிலும் சிறிய பூஞ்சிட்டு. சுவரொட்டியில்கூட மாடுகளின் படம்தான்.

மாட்டு வண்டியில் ஓட்டுகிறவரோடு துணை ஆள் ஒருவர் இருப்பார். இறங்கி ஓடி மாடுகளை விரட்டுவது அவர் வேலை. இஞ்சினை விரட்ட ஆள் எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. துணை ஆளும் தொடர்ந்தார். வறண்ட கண்மாய்க்குள் மடையருகே கிளம்பும் வண்டிகள் அக்கரைக் கருவேலங்காட்டை ஒட்டி நட்ட கொடி வரை போய்த் திரும்ப வேண்டும். கொடியருகே துணை ஆள் குதித்து, அங்கே கட்டியிருக்கும் துணியில் ஒன்றை அவிழ்த்துக்கொண்டு மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டு நான்கு வண்டிகள் வந்தன, ஒன்று மடையடியில் காயாமல் கிடந்த சேற்றில் சிக்கியது. மூன்றாம் ஆண்டு வேடிக்கை பார்க்க மேலூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

அந்த ஆண்டுதான் அப்பா பெயர் கொடுத்தார். அப்பாவுக்குச் சொந்த ஊர் கோச்சடை. காய்கறி லோடு அடிப்பதற்கு வசதி என்று நாற்கரச் சாலையை ஒட்டிய இந்த ஊரில் குடியேறியிருந்தோம். நான் நான்காவது படித்தேன். ஊரே கத்தரிக்காயும் வெங்காயமும் அப்பாவின் குட்டியானையில்தான் மதுரைக்கு அனுப்பியது. எங்களுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை இருந்ததாகவும் நான் நம்பினேன். திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்குவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கேட்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இதைப் பலமுறை பெருமையடித்திருக்கிறேன்.

பரிசாகக் கோப்பையும் கிடாயும் உண்டு. அப்பாவின் கண் அவற்றில் இல்லை. ஜெயித்தவருக்கு மறுநாள் அம்மன் கோயிலில் தலையில் பட்டுத்துணி சுற்றிப் பரிவட்டம் கட்டி, பெயர் சொல்லி முதல் திருநீறு தருவார்கள். மாட்டுப் பந்தயக் காலத்து வழக்கம். அப்பா அதற்காக வெள்ளை வேட்டி ஒன்றை வாங்கி, கஞ்சி போட்டுத் தேய்த்து வைக்கச் சொல்லியிருந்தார். எங்களிடம் எதையும் ஆசையாகக் கேட்டிராத மனிதர் அந்த வேட்டியை மூன்று முறை எடுத்துப் பார்த்தார்.

துணை ஆளாக அம்மாவின் தம்பி கோச்சடையிலிருந்து வந்தார். என் மாமா. எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவர். மடையருகே வண்டிகள் வரிசையாக நின்றபோது அவர் குட்டியானையைப் பின்னால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மச்சான், முறுக்குறதுக்கு வாலு இல்லையே."

கரையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "சைலன்சர முறுக்குங்கண்ணே. கை வெந்தாலும் வண்டி பறக்கும்."

அப்பாகூடச் சிரித்தார். இரண்டு பேருக்குள்ளும் ஓர் ஏற்பாடு இருந்தது. பின்னால் ஏறியதும் மாமா வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். அப்பா திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும்.

போகும்போது அப்பாவும் தலைவரின் மூத்த மகனும் சமமாகத்தான் போனார்கள். தலைவர் மகனுக்குத் துணை ஆள் அவர் தம்பி, கல்லூரியில் படிக்கிற பையன். கொடியருகே நடந்ததை நான் பார்க்கவில்லை. கரையிலிருந்து பார்த்தால் தூசி மட்டும்தான் தெரிந்தது. மாமா சொன்னதையும், கொடிக்குப் பக்கத்தில் நின்ற இருவர் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன். மூன்று பேர் சொன்னதும் ஒன்றாகத்தான் இருந்தது.

மாமா துணியை அவிழ்த்துக்கொண்டு எங்கள் வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டார். பக்கத்தில் தலைவரின் இளைய மகன் ஏறும்போது கால் வழுக்கிக் குப்புற விழுந்தான். அவனுடைய அண்ணனுக்கு அது தெரியாது, வண்டியைக் கிளப்பிவிட்டார். பின்னால் மூன்று வண்டிகள் தூசிக்குள் வந்துகொண்டிருந்தன. மாமா துணியை எங்கள் வண்டிக்குள் வீசினார். கீழே நின்றபடியே தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு ஓடிப்போய் அந்தப் பையனைக் காலைப் பிடித்து இழுத்துக் கருவேலம் முள்ளுக்குள் போட்டார். வண்டிகள் அவன் கிடந்த இடத்தின் மேலேயே போயினவாம்.

அப்பா ஒரு வண்டி நீளம் முன்னால் வந்து எல்லையைத் தாண்டினார். நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. மேடையில் தலைவர் மைக்கைப் பிடித்திருந்தார். பெயரைச் சொல்லப் போகிறார் என்று கூட்டம் காத்திருந்தது.

"வண்டி வந்துருச்சு. ஆளு எங்கப்பா?"

அப்பா அப்போதுதான் பின்னால் பார்த்தார். சற்று நேரத்தில் தூசிக்குள்ளிருந்து மாமா நடந்து வந்தார். தோளில் தலைவரின் மகன். பையனுக்கு முழங்கால் கிழிந்திருந்தது, மாமாவின் கைகள் முழுக்க முள். என்ன நடந்தது என்று பையனே அழுதுகொண்டு சொன்னான். தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து மகனைத் தடவிப் பார்த்தார். மாமாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதில் பொய் இல்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பிறகு மேடை ஏறினார். கமிட்டிக்காரர்கள் அவரைச் சுற்றிக் குனிந்து பேசினார்கள். துணை ஆள் இல்லாமல் எல்லையைத் தாண்டிய வண்டி கணக்கில் சேராது, மாட்டு வண்டிக்கும் அதுதான் சட்டம் என்று அறிவித்தார். முதல் பரிசு அடுத்து வந்த வண்டிக்கு. அதாவது அவருடைய மூத்த மகனுக்கு.

அப்பா சண்டை போடத் தெரியாதவர். மேடைக்குக் கீழே போய் நின்று மெதுவாகத்தான் கேட்டார்.

"அந்த வண்டியிலயும் ஆளு இல்லையேண்ணே."

"அவென் அடிபட்டு விழுந்தவன்யா. அடிபட்டவன் வண்டியில இருந்த மாதிரித்தான். உங்காளு தானா எறங்குனவன்ல."

இந்தப் பதிலை நான் பத்திரிகை வேலைக்கு வந்த பிறகும் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதில் நியாயம் இல்லை. விழுந்தவன் வந்தவனாம், அவனைத் தூக்கி வந்தவன் வராதவனாம். கூட்டத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. சைலன்சரை முறுக்கச் சொன்னவரும் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். தோளில் தூக்கி வரப்பட்ட அந்தப் பையன் மட்டும் "அப்பா, அவுகதான்ப்பா மொதல்ல" என்று ஆரம்பித்தான். யாரோ அவனை மருந்து போட அழைத்துப் போய்விட்டார்கள்.

அப்பாவுக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். நான் மேடையின் பின்புறம் போய் அழுதேன். அங்கே கமிட்டிக்காரர் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வரி இல்லாத வீட்டுக்கு எப்பிடிப்பா பரிவட்டம் கட்ட முடியும்?"

எனக்கு அது விளங்கவேயில்லை. வரிகூட வாங்காத அளவுக்கு வேண்டப்பட்ட வீடு என்றால், முதலில் எங்களுக்கல்லவா கட்ட வேண்டும்?

வீட்டில் அம்மா ஊக்கால் மாமாவின் கையிலிருந்து முள் எடுத்தார். "உன்ன எவென் எறங்கச் சொன்னது" என்று திட்டிக்கொண்டே எடுத்தார். மாமா வலியில் முகத்தைச் சுளித்து, அடுத்த வருசம் தானே போய் விழுந்துவிடுவதாகவும், அப்போதுதான் வண்டியில் இருந்ததாகக் கணக்கு வைப்பார்கள் என்றும் சொன்னார். அப்பா தேய்த்த வேட்டியை மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் வைத்தார். மறுநாள் அதிகாலை தலைவர் வீட்டு வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போனார். அவர் போனதுதான் அன்று எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபமாக இருந்தது.

தடை நீங்கி மாடுகள் திரும்பி வந்துவிட்டன. வண்டிப் பந்தயமும் நிற்கவில்லை. நாங்கள் மதுரைக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. மூன்றாம் ஆண்டில் யார் பெயர் வர வேண்டும் என்று செய்தியில் திருத்த எனக்கு உரிமையில்லை. வரலாற்றுப் பத்தி முழுவதையும் நீக்கிவிட்டு, இடம் போதவில்லை என்று எழுதினேன். அச்சானபோது அந்த இடத்தில் ஒரு ஜவுளிக் கடை விளம்பரம் இருந்தது.

இப்போது நினைவுக்கு வருவது பந்தயம்கூட இல்லை. ஒவ்வொரு வருடமும் காப்புக் கட்டுவதற்கு முன் கமிட்டிக்காரர்கள் கொட்டடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வரி வாங்க வருவார்கள். கொட்டுச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். ஒரு கை முந்தானைக்குள் மூடியிருக்கும். அவர்கள் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டு, எங்கள் வாசலைத் தாண்டி, அடுத்த வீட்டுக்குப் போவார்கள். கொட்டு தெருக்கோடியில் திரும்பும் வரை அம்மா நின்றுவிட்டு உள்ளே வந்து, கையிலிருந்த நோட்டுகளைக் கடுகு டப்பாவில் திரும்பப் போடுவார்.

அம்மாவுக்குக் கொட்டுச் சத்தம் அவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.