பன்னிரண்டு முறை ‘விளங்கிக்கொள்வார்’

சுனாமிக்கு அடுத்த வருடம் கல்முனைப் பக்கம் ஒரு கல்லூரியில் கட்டட வேலை படிப்பித்தேன். படிப்பு முடிய மாணவர் என்ன செய்யக்கூடியவராவார் என்று ‘கற்றல் பேறுகள்’ எழுதிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வரி எழுதினேன். பன்னிரண்டும் ‘விளங்கிக்கொள்வார்’ என்றே முடிந்தன. விளங்கவில்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது என்பதுதான் அதிலுள்ள வசதி.

வகுப்பில் பெருமையாக வாசித்தேன். நஸார் எழும்பினான். கடல் கொண்டுபோன வீட்டைத் தங்கையின் கலியாணத்துக்காகத் திரும்பக் கட்டுபவன். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடில்லாமல் கலியாணமில்லை.

“சேர், நாளைக்குத் தங்கச்சிட ஊட்டுக்குக் கொங்கிறீட் தூண் வாக்கிற. மேசன் தண்ணியக் கூடுதலா ஊத்துறார் போல. கலவ பிழையெண்டா எப்பிடிக் கண்டுபிடிக்கிற?”

“கொங்கிறீட் பாடம் விளங்கினதுதானே?”

“ஓம் சேர், நல்லா விளங்கின. கண்டுபிடிக்கத்தான் தெரியா.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. கலவையைச் சோதிக்கும் இரும்புக் கூம்பை நான் படத்தில்தான் காட்டியிருந்தேன்.

மறுநாள் அலுமாரியிலிருந்த கூம்பைத் தூசி தட்டி, நஸார் வீடு கட்டும் இடத்துக்குக் கொண்டுபோனேன். நஸார் கலவையை நிரப்பிக் கூம்பைத் தூக்கினான். கூம்பு வடிவில் நிற்க வேண்டிய கலவை நோன்புக் கஞ்சியாகப் பரவியது.

“இத வாக்க வேணாம், காக்கா,” என்றான் மேசனிடம், அண்ணனை அழைக்கும் மரியாதையோடு.

மேசன் என்னை முறைத்துவிட்டுப் புதிதாகக் குழைத்தார்.

பன்னிரண்டையும் வெட்டிவிட்டு, ‘கலவையைச் சோதித்து, கூடாததை மறுப்பார்’ என்று ஒரு வரி எழுதினேன். ஆனாலும் கூம்பைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போன என் பழைய மாணவர்கள் கட்டிய வீடுகளுக்கு விருந்துக்குப் போனால், இன்றும் வாசலோரமாகத்தான் உட்காருகிறேன்.