உருளை மேல் இரண்டு ஜப்பான் வண்டிகள்

டர்போ அக்காவைத் தெரியாதவர்கள் அந்தப் பட்டறை வட்டாரத்தில் கிடையாது. சரியான வாயாடி. ஆனால் சோதனைக்கு நிற்கும் வண்டிக்குள் ஏறிவிட்டால் வாயைத் தைத்துக்கொள்வாள். கார்களை உருளைகள் மேல் ஏற்றி, சங்கிலியால் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டிச் சக்தியைப் பார்ப்பது அவள் வேலை. அளப்பதென்னவோ கணினிதான். இஞ்சின் படும் பாட்டைக் கேட்பது அவள் காது.

அன்று காலை இரண்டு ஜப்பான் வண்டிகள். பழைய கார்களைச் சேர்ப்பதில் பித்துப் பிடித்த ஒரு பெரிய மனிதர் இரண்டில் ஒன்றை வாங்க வந்திருந்தார். வெள்ளை ஸ்கைலைன் யாரோ ஒருவருடையது. சிவப்பு சுப்ரா அவள் கொழுந்தனுடையது. அதே சோதனைக் கூடத்தில் மெக்கானிக்காக இருந்துகொண்டு, வெறும் கூடாக வந்த வண்டியை அவனே கட்டி எழுப்பியிருந்தான். அது விலைபோனால் சொந்தப் பட்டறை வைப்பான். அது நடக்க வேண்டுமே என்று அவனைவிட அவள்தான் தவித்தாள்.

ஸ்கைலைன் முதலில் ஏறியது. நான்கு சக்கரமும் உழைக்கும், இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் இரண்டு டர்போவும் சேர்ந்தே எழும். திரையில் கோடு வழுவழுவென்று ஏறியது. அடுத்து ஏறிய சுப்ராவின் குணம் வேறு. பின்சக்கரங்கள் மட்டும்தான் உழைக்கும். முதல் டர்போ முந்திக்கொள்ளும், சற்றுப் பொறுத்து இரண்டாவது வந்து சேரும். சாலையில் என்றால் அந்த இடத்தில் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது டர்போ சேர்ந்ததும் அழுத்தம் காட்டும் ஊசி வெடுக்கென்று எகிறியது. பாவி, சொல்லாமல் கொள்ளாமல் டர்போ அழுத்தத்தைக் கூட்டிவைத்திருக்கிறான், அதுவும் அந்த அழுத்தத்தைத் தாங்காத சாதாரண பெட்ரோலில். கண்ணாடிக்கு வெளியே கொழுந்தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அப்போதுதான் கேட்டது, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற தட்டல். இன்னும் ஒரு மிதி மிதித்தால் ஸ்கைலைனைத் தாண்டிவிடும். அவள் காலை எடுத்துவிட்டாள்.

"ஏன் அண்ணி எடுத்தீங்க?" என்றான் கொழுந்தன். அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. அவள் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துணியில் வைத்து நீட்டினாள். அதன் நுனியின் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியம் ஒட்டியிருந்தது. உள்ளே பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது என்பது இருவருக்கும் புரிந்தது.

பெரிய மனிதருக்கு அது தெரியாது. திரையை விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். பாதியில் நிறுத்தியபோதும் கோடு ஏறிக்கொண்டுதான் இருந்ததாம். இதற்கு மேல் என்ன வேண்டும், சுப்ராவையே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

கொழுந்தன் அவள் பக்கம் குனிந்தான். "பேசாம இருந்துடுங்க அண்ணி. இனிமே உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன்."

பிளக்கின் சூடு துணியைத் தாண்டி அவள் கையில் ஏறியது. இவன் பட்டறை வைத்துப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டாள். துணியைப் பிரித்துப் பெரிய மனிதரிடம் காட்டினாள்.

"இஞ்சின் உள்ள அடிபட்டிருக்கு சார். திறந்து பாக்காம வாங்காதீங்க."

அவர் ஸ்கைலைனை வாங்கிக்கொண்டு போனார். கொழுந்தன் சுப்ராவின் சங்கிலிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் கோபம்கூட இல்லை.

"அடுத்த வண்டிய ஏத்தட்டுமா, மேடம்?" என்றான்.