கொலுவில் ஓடிய கன்வேயரும் அக்காவின் ஹேர் ரோலரும்

ஹேர் ஜெல் வாசனை என்றால் உங்களுக்கெல்லாம் சலூன்தான் ஞாபகம் வரும். எனக்குக் கொலு ஞாபகம் வரும்... சுண்டல், சாம்பிராணி, அதோடு கலந்து கொஞ்சம் பச்சை ஜெல்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலம். அம்மாவுக்குக் கும்பகோணம், அதனால் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கொலு. அப்பாவுக்குப் பண்ருட்டிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பு கொலுவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் மெயின்டெனன்ஸ் வேலை. படி கட்டிக் கொடுத்தால் தன் பங்கு முடிந்தது என்று பேப்பரை விரித்துக்கொள்வார்.

படிக்குக் கீழே பார்க் போடுவது அக்காவும் நானும். மற்ற வீடுகளில் மலை, குளம், கேழ்வரகு முளைவிட்ட வயல்... எனக்கு அதெல்லாம் சலித்துவிட்டது. அந்த வருஷம் மைன்ஸ் வைக்கலாம் என்றேன். ஊரே அதில்தானே சாப்பிடுகிறது.

அக்கா அப்போது பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்திருந்தாள். சிங்கப்பூர் மாமா ஒரு பெட்டி நிறைய ரோலர், கிளிப், ஜெல், ஸ்பிரே அனுப்பியிருந்தார். வாசலில் சின்னதாக போர்டும் மாட்டியிருந்தாள். எங்கள் பிளாக்கில் எல்லோரும் எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிக்கொள்கிற கட்சி. மாதக்கணக்கில் ஒருத்தரும் வரவில்லை. தையல் கிளாஸுக்குப் போ என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு மதியம் அக்கா அந்தப் பெட்டியை என் முன்னால் வைத்தாள்.

"இந்தா, ஒன் மைன்ஸுக்கு வெச்சுக்க. எனக்கு எதுக்கு இதெல்லாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் வாசலில் போர்டு இல்லை.

மந்தாரக்குப்பம் ரோட்டில் லாரியிலிருந்து சிந்திய நிலக்கரிக் கட்டிகளைப் பொறுக்கி வந்து மலை அடுக்கினோம். நம்ம ஊர் பழுப்பு நிலக்கரிக்கு ஒரு குணம் உண்டு, காய்ந்தால் பொலபொலவென்று உதிரும். மறுநாள் காலையில் மலை இருந்த இடத்தில் தூள்தான் இருந்தது. அக்கா புதுக் கட்டிகளை அடுக்கி, மேலே ஜெல்லை வழித்துப் பூசினாள். அப்போதுதான் தோண்டி எடுத்த மாதிரி ஈரமாக மின்னியது, உதிரவும் இல்லை.

ரோலர்களைத் தென்னை ஈர்க்கில் கோத்து வரிசையாக நிறுத்தினோம். மேலே என் கறுப்பு ரிப்பனைச் சுற்றித் தைத்தோம். ஓரத்தில் ஒரு கைப்பிடி. சுற்றினால் பெல்ட் ஓடும், நிலக்கரித் தூள் மலையிலிருந்து பவுடர் டப்பாவில் செய்த பவர் ஹவுஸுக்குப் போகும். அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார். குனிந்து ஒரு ரோலரை நிமிர்த்தினார்.

"பெல்ட்டு ஒரு பக்கமா இழுத்துகினு போவுது பாரு. இப்ப சரியா ஓடும்."

அன்றைக்கு சாயங்காலமே பிளாக் முழுக்கச் செய்தி போய்விட்டது. கொலு பார்க்க வந்தவர்கள் அம்பாளைக் கும்பிட்டார்களோ இல்லையோ, கைப்பிடியைச் சுற்றாமல் போகவில்லை. அப்படி வந்தவர்தான் பக்கத்துத் தெரு மேரி அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சர்ச்சில் கல்யாணம். கன்வேயரை உற்றுப் பார்த்தார்.

"இது ஹேர் ரோலராச்சே... யாருதுங்க?"

கடலூரிலிருந்து அலங்காரத்துக்கு வருவதாகச் சொன்ன பெண் வரமுடியாது என்று சொல்லிவிட்டாளாம். "நீ பண்ணி விடுறியாம்மா?" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா வேகமாகத் தலையை ஆட்டினாள்.

அவர் போனதும் அம்மா கதவைச் சாத்தினாள்.

"கொலுவுல வெச்சத நடுவுல எடுக்கக் கூடாது. விஜயதசமி முடியட்டும்."

"அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிடும்மா."

"அதுக்கு நான் என்னடி பண்றது?"

அம்மாவுக்கும் மனசில்லைதான். ஆனால் பாட்டி காலத்திலிருந்து வந்த வழக்கம், மீற பயம். அக்கா கொலு முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள். முதன்முதலாக ஒரு வாடிக்கையாளர் வந்தும், தொழில் சாமான் கண்ணெதிரே இருந்தும், தொட முடியாது.

ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா காபி குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ரோலர கழட்டி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பறோம், திரும்ப கொணாந்து மாட்டறோம். அதுக்காக மைன்ஸையே மூடிட்டாங்கன்னு யாராவது சொல்றாங்களா? ரிப்பேருக்கு ஷட்டவுன்னுதான் சொல்லுவாங்க. மெயின்டெனன்ஸ் பண்ணாத மைன்ஸு என்னா மைன்ஸு?"

அம்மா கொலுவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"சாயங்காலம் வெளக்கேத்தறதுக்குள்ள திரும்பி வந்துடணும்."

ஞாயிறு விடியற்காலையில் ரோலர்கள் கழன்றன. அட்டையில் 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்று எழுதி நான் வைத்தேன். அம்மா அந்த அட்டைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

சர்ச்சில் மேரி அக்காவின் வெள்ளை முக்காட்டு வலைக்குக் கீழே சுருள் சுருளாக முடி... அவரைவிட அக்காவைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கேற்றுவதற்குள் ரோலர்கள் திரும்பி வந்து, பெல்ட் ஓடியது. ஸ்பிரே வாசனை மட்டும் கூடவே வந்திருந்தது. மறுநாள் நர்ஸுகள் கூட்டமாகக் கொலு பார்க்க வந்து, சுண்டலும் வாங்கிக்கொண்டு, அக்காவிடம் நாளும் குறித்துக்கொண்டு போனார்கள். வாசலில் போர்டு மறுபடியும் ஏறியது.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். இப்போது அந்த வீட்டில் யார் இருக்கிறார்களோ. அப்பாவும் இல்லை. கொலு பார்க் இன்று ஆன்லைனில் செட்டாகவே வருகிறது, பட்டனை அழுத்தினால் ரயில்கூட ஓடுகிறது. வசதிதான், நானும் வாங்கியிருக்கிறேன்.

அக்கா கோயம்புத்தூரில் பார்லர் வைத்திருக்கிறாள். விதவிதமான கர்லிங் மெஷின் இருக்கிறது. ஆனாலும் கொலுப் படிக்குக் கீழே இன்னும் அதே மைன்ஸ், அதே ரோலர்கள். இந்த வருஷம் அனுப்பிய போட்டோவில் கன்வேயரே இல்லை, மலை மட்டும் இருந்தது. பதறிப்போய் போன் பண்ணினேன்.

"கோர்ஸ் முடிச்ச பொண்ணு ஒண்ணு, மொத ஆர்டராம். ராசியான ரோலரைக் குடுங்கக்கான்னு கேட்டுச்சு. ஷட்டவுன்டி... சாயங்காலம் வெளக்கேத்தறதுக்குள்ள வந்துடும்."