ஆடும் மெஷினும் ஆடாத ஸ்டெல்லாவும்

சிக்னலில் நின்றிருந்தபோது ஸ்டெல்லாவின் அம்மா போன் செய்தார். "போயிட்டாப்பா" என்றார். பச்சை விழுந்து, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

வீட்டிலேயே மெஷின் வைத்து வேலை செய்யும் நம் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் ஸ்டெல்லாவைத் தெரியாதவர் இல்லை. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை. பிரேசர் டவுன் வீட்டுக் கார் ஷெட்டில், மேசைமேல் வைக்கும் சின்ன மில்லிங் மெஷின் வைத்திருந்தார். நம்மிடம் இருப்பதும் அதே ரகம்தான். இரும்பைக் கொஞ்சம் ஆழமாகச் செதுக்கினால் மெஷினே ஆடிவிடும். நாம் திட்டுவோம், அவர் திட்டியதில்லை. "அது தாங்குறது அவ்ளோதான். அவசரம் நமக்குத்தானே?" என்பார். நாம் ஒரே வெட்டில் முடிக்கப் பார்ப்பதை இருபது வெட்டில் முடிப்பார்.

ஒருமுறை நான் செய்த பாகத்தைக் காட்டி, "துளிகூடப் பிசகல" என்று பீற்றிக்கொண்டேன். நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜை எடுத்து அதன்மேல் வைத்தார். முள் நகர்ந்தது. "முடி கனம் தப்பு இருக்கு சார். பரவால்ல, எவ்ளோ தப்புன்னு அதுமேலயே எழுதிடுங்க" என்றார். கோபத்தில் ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

பிறகு என் அப்பாவின் சக்கர நாற்காலியில் அச்சைப் பிடிக்கும் துண்டு உடைந்தது. ஸ்டெல்லா இரண்டு ஞாயிறு முயன்றும் துளை சரியாக அமையவில்லை. எனக்குப் பொறுமை போயிற்று. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், கொஞ்சம் முன்னபின்ன இருந்தா என்ன, குடுங்க" என்றேன்.

"உங்கப்பா உக்காரப் போறாரு சார். என் மெஷினால இது முடியாது" என்றார். பெரிய மெஷின் உள்ள பீன்யா பட்டறைக்கு வரைபடத்தோடு அவரே போனார். முடியாது என்று சொல்ல அவருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. எனக்கு அது இன்னும் வரவில்லை.

போன மாதம் ஸ்டெல்லா நோய் முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, டாக்டர் அவரது அம்மாவையும் என்னையும் வெளியே அழைத்துப் பேசினார். உள்ளே வந்து ஸ்டெல்லாவிடம், "எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

"எனக்குமா அட்ஜஸ்ட் பண்றீங்க சார்? டாக்டர் எவ்ளோ நாள் சொன்னாங்க?" என்று கேட்டார்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மூணு வாரம் தாண்டறது கஷ்டம்னாங்க" என்றேன்.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்து, "தேங்க்ஸ் சார்" என்றார். அன்றே, ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா சேலத்திலிருந்து வந்து கடைசிவரை கூடவே இருந்தார்.

கூட்டாமல் குறைக்காமல் நான் சொன்ன ஒரே அளவு அந்த மூன்று வாரம்தான். அதற்கு அவர் சொன்ன தேங்க்ஸை வைத்துக்கொள்கிறேன்.