மந்திரி அப்புச்சியின் குறுக்கு விசாரணை

என் அம்மாவின் அப்பா எட்டு மாதம் கல்வி மந்திரியாக இருந்தார். அந்த எட்டு மாதத்தை வைத்து எங்கள் சொந்தக்காரர்கள் முப்பது வருடம் ஓட்டினார்கள். ஈரோட்டில் வக்கீலாக இருந்தவரைச் சுதந்திரம் வந்த சில வருடங்களில் பிடித்து மந்திரியாக்கினார்களாம். பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களாகத் தேடித் தேடித் திறந்தார். குன்னத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிச் சுவரில் அவர் பெயர் பொறித்த கல் உண்டு. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கி அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பதவி போனதும் அவர் பழைய கறுப்புக் கோட்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்கே திரும்பிவிட்டார். ஆனாலும் எங்களுக்கு அவர் கடைசி வரை மந்திரி அப்புச்சிதான்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, வீட்டை ஒட்டியே இருந்த அப்பாவின் பனியன் கம்பெனிக்குப் புது நிட்டிங் மிஷின் வந்தது. பூஜை போட்டு சுவிட்சை அழுத்த அப்புச்சியைக் கூப்பிட்டிருந்தார்கள். அதில் ஒரு சிக்கல். எட்டாவது முடித்த அக்காவை அப்பா இரண்டு மாதமாகப் பள்ளிக்கு அனுப்பவில்லை. டெய்லர் பக்கத்தில் உட்கார்ந்து துணியை எடுத்துக் கொடுக்கிற, மடித்து அடுக்குகிற கைமடி வேலையில் உட்கார வைத்துவிட்டார். அக்கா ராத்திரியில் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுவாள். நான் தூக்கம் கெடுகிறதென்று புகார் செய்வேன்.

"அப்புச்சி கேட்டா, அக்கா பள்ளிக்கொடம் போயிருக்குதுன்னு சொல்லோணும். செரியா? சொன்னீன்னா சுச்சு போடறப்ப அப்புச்சி கையோட உன்ற கையையும் வெக்கச் சொல்றேன்" என்றார் அப்பா. அக்காவைக் கம்பெனியின் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இன்று நான் எக்ஸ்போர்ட் தொழிலில் இருக்கிறேன். சரக்கு எப்போது கப்பலேறும் என்று அதை வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டால் முகம் கோணாமல் பதில் சொல்வேன். அன்று அந்தத் திறமை இன்னும் முளைக்கவில்லை.

அப்புச்சி நாற்காலியில் உட்கார்ந்து என்னை முழங்காலுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார்.

"அக்கா எங்கீங்க சாமி?"

"பள்ளிக்கொடம் போயிருக்குதுங்க. ஒம்பதாவதுங்க."

"கணக்கு நல்லாப் போடுமா?"

அக்காவைப் பெருமையாகச் சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. "சூப்பராப் போடுமுங்க அப்புச்சி. ஒரு நாளைக்கு அறுவது டஜன்."

அப்பா இருமினார். அப்புச்சி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அறுவது டஜன்னா எத்தனை உருப்படி கண்ணு?"

"எழுநூத்தி இருவதுங்க."

"பலே. யாரு சொல்லிக் குடுத்தா?"

"அக்காதானுங்க. பனியன் மடிக்கறப்ப."

அதைச் சொன்ன பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சுவிட்சில் என் கை படப்போவதில்லை என்று தெரிந்தது.

"ஏனுங்க மாப்ள, பள்ளிக்கொடத்துல எப்பருந்து பனியன் மடிக்கறாங்க?" என்றார் அப்புச்சி.

அப்பா குரலை உயர்த்தவில்லை. எங்கள் பக்கத்தில் சண்டையும் 'ங்க' போட்டுத்தான். "கோவிச்சுக்காதீங்க மாமா. உங்க புள்ளையவும் எட்டாவதோட நிறுத்தித்தானுங்க எனக்குக் கட்டிக் குடுத்தீங்க. நிறுத்துனப்ப நீங்கதானுங்க கல்வி மந்திரி."

 அப்புச்சி எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனார். பாவம், பசி போலிருக்கிறது என்று நினைத்தேன். வடை கிடைத்தால் எனக்கும் ஒன்று கிடைக்குமே என்று பின்னாலேயே போனேன்.

அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அப்புச்சி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். "மாப்ள கேட்டது காதுல உழுந்துச்சா கண்ணு?"

"உழுந்துச்சுங்க."

"நெசந்தானே."

அம்மா திரும்பவில்லை. ஒரு வடையைப் புரட்டினாள். பிறகு, "நாளைக்கு இருந்துட்டுப் போங்கப்பா. அவளை நீங்களே கூட்டீட்டுப் போயிப் பள்ளிக்கொடத்துல உடோணும். நானும் வர்றேன்" என்றாள். அது வாசல்வரை கேட்கும்படி இருந்தது. அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை போலும். கேஸை ஜெயித்த பிறகு எப்படித் தோற்றோம் என்று புரியாமல், ஏற்கெனவே பளபளத்த மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நாலு பேரும் நடந்தோம். முன்னாள் மந்திரி தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்து கையெழுத்துப் போட்டார். அக்கா ஒன்பதாம் வகுப்புக்குள் போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், வேலை முடிந்தது. ஆனால் அம்மா நகரவில்லை. கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு அந்த வாசலிலேயே நின்றாள். மணி அடித்தது. டீச்சர் வந்து கரும்பலகையில் எழுத ஆரம்பித்துவிட்டார். பத்தடி தள்ளி அப்புச்சி குனிந்த தலையோடு நின்றிருந்தார். அவரும் கூப்பிடவில்லை.

எனக்கு என் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"வாம்மா, போலாம். அங்க அப்பிடி என்னதான் இருக்குது?"