பெண் பார்க்க வந்தவர் கேட்ட டிராஃபிக் நியூஸ்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் "பேசுறேன்" என்பேன். "அதான் எல்லாரும் பேசுறோமே" என்பார்கள். "எனக்குச் சம்பளம் தர்றாங்க" என்று சொன்னதும் ஏற இறங்கப் பார்ப்பார்கள். வார நாட்களில் காலை வேளையில் பெங்களூர்த் தமிழர்களுக்காக ஒரு சின்ன ரேடியோவில் நிகழ்ச்சி நடத்துகிறேன். செல்போனில் கேட்கிற ரேடியோ. சனி, ஞாயிறுகளில் ஏதாவது ஒரு காபிக் கடையின் மாடியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று ஜோக் சொல்வேன். கூட்டம் சிரித்துவிட்டால் அன்றைக்கு நான்தான் மகாராணி. சிரிக்காவிட்டால் இரவு சோறு இறங்காது, வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவும் மாட்டார்கள்.

பிறந்து வளர்ந்தது ஜீவனஹள்ளியில். அப்பா கம்பெனி கேப் ஓட்டுகிறார். அம்மா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. மைக் என் கைக்கு வந்தது எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய ஓர் ஆடி ஞாயிறு அன்றைக்கு. அறிவிப்புச் செய்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்றிருந்த என்னிடம் மைக்கைத் திணித்துவிட்டுச் சுக்குக் காபி குடிக்கப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து ஒருவர் தன் புதுச் செருப்பைக் காணோம் என்று வந்து நின்றார். "புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போன அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உங்க பழைய செருப்பு இங்க தனியா உக்காந்து அழுதுக்கிட்டிருக்கு. வந்து சமாதானப்படுத்துங்க" என்றேன். தெருவே சிரித்தது. செருப்பும் திரும்பி வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

அப்புறம் கல்யாண வரவேற்புகள், எலெக்ட்ரானிக் சிட்டி அபார்ட்மென்ட்களின் பொங்கல் விழாக்கள், கடைசியில் ரேடியோ. ரேடியோ மேனேஜர் என் தமிழைக் கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்வார். தப்பு என்னுடையதில்லை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கறிக்கடையில் தக்னி உருது என்று வளர்ந்த வாய் இது. எந்த வார்த்தை எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று எனக்கே தெரியாது. "கொஞ்சம் சுத்தமா பேசும்மா" என்று மேனேஜர் மாதத்துக்கு ஒருமுறை கெஞ்சுவார். ஆனால் காக்ஸ் டவுனிலிருந்தும் அல்சூரிலிருந்தும் "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரியே பேசுது" என்று மெசேஜ் வந்துகொண்டே இருந்ததால் என்னை மாற்றவும் அவருக்கு மனசில்லை.

அவனைச் சந்தித்தது ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சியில். தென்காசிப் பக்கத்துக்காரன், எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, ஊரே உருண்டு சிரிக்கும்போது இவன் மட்டும் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் போல முகத்தை வைத்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணா, பேட்டரி தீர்ந்துடுச்சா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் மாடிப்படியில் எனக்காகக் காத்திருந்தான். சண்டைக்கு வருகிறான் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. நான் உள்ளுக்குள்ளதான் சிரிப்பேன்" என்றான்.

"உள்ள சிரிச்சா எனக்கு எப்படித் தெரியும்? வெளிய சிரிக்கக் கத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் வந்தான். சிரிக்கக் கூடாத இடங்களில் எல்லாம் பலமாகச் சிரித்து என் நிகழ்ச்சியைக் கெடுத்தான். அதன் பிறகு அவனை நான் அண்ணா என்று கூப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் தடை ஒன்றுமில்லை. அவன் வீட்டில் அம்மா மட்டும்தான். அப்பா, அவன் சின்னப் பையனாக இருக்கும்போதே போய்விட்டார். அவன் போனில் விஷயத்தைச் சொன்னபோது அந்த அம்மா, "ரேடியோவுல பேசுதாளா, பேசட்டும். மேடையில ஏறி நாலு பேரச் சிரிக்க வைக்காளாமே, அது என்ன சோலி?" என்று கேட்டாராம். நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றும் சொல்லிவிட்டார்.

"அம்மாவை அழ வச்சிட்டுக் கட்டிக்க என்னால முடியாது. உன்னை மைக்கை விடுன்னு சொல்லவும் எனக்கு வாய் வராது" என்றான் அவன்.

"அப்ப என்ன பண்ணலாம்னு இருக்க?"

"அம்மா வந்து உன்னைப் பாக்கட்டும்."

நான் பார்த்தே இராத ஒரு பெண்மணியின் தலையாட்டலில் வந்து நின்றது என் வாழ்க்கை. எனக்கு அவனும் வேண்டும், மைக்கும் வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் எதை விடுவேன் என்று யோசிக்கக்கூடப் பயமாக இருந்தது.

அவன் அம்மா ரயிலில் வந்து இறங்கிய அன்றைக்கு எனக்குக் காலை நிகழ்ச்சி இருந்தது. ஸ்டேஷனிலிருந்து கேபில் போகும்போதே நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டுகிறேன் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். ஆகவே அன்றைக்கு என் வாயில் சுத்தத் தமிழ் மட்டும்தான் என்று முடிவு செய்தேன். ஜோக் கிடையாது, கன்னடம் கிடையாது. "நேயர்கள் அனைவருக்கும் இனிய காலை வணக்கம்" என்று நான் ஆரம்பித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவுக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று எட்டிப் பார்த்தார். மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததேயில்லை.

அடுத்து டிராஃபிக் நியூஸ். அதையும் "போக்குவரத்து நிலவரம்" என்றேன். நிறுத்தி நிதானமாக வாசித்தேன்:

"எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறுவதற்கு முன்பாக, சாலையின் நடுவே ஒரு பெரிய குண்டி இருப்பதாக நேயர்கள் தெரிவிக்கிறார்கள். நேற்றைய மழையில் அது மேலும் பெரிதாகியுள்ளது. வாகன ஓட்டிகள் அதன் அருகே வந்ததும் வேகத்தைக் குறைத்து, நன்றாகப் பார்த்து, மெதுவாகத் தாண்டிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

கன்னடத்தில் குண்டி என்றால் பள்ளம். குண்டு என்று சொல்லும்போது முதல் எழுத்து எப்படி ஒலிக்குமோ அப்படி ஒலிக்க வேண்டும். நானும் அப்படித்தான் சொன்னேன். எங்கள் ஏரியாவில் பள்ளத்துக்கு வேறு பேரே கிடையாது. இத்தனை காலமாக வாரம் தவறாமல் ரேடியோவில் சொல்லி வருகிறேன், பெங்களூரில் ஒருத்தர் காதிலும் அது தப்பாக விழுந்ததில்லை. ஆனால் தென்காசியிலிருந்து வந்த காதில், ஓடுகிற காரில், செல்போனின் ஓட்டை ஸ்பீக்கர் வழியாக அது எப்படி விழுந்திருக்கும்? நான் அதை யோசிக்கவேயில்லை. பாட்டைப் போட்டுவிட்டு, சாதித்துவிட்ட திருப்தியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் போன் செய்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நீ என்ன சொன்னன்னு தெரியுதா?"

"சுத்தத் தமிழ்ல பேசினேன். அம்மா என்ன சொன்னாங்க?"

"நடுரோட்டுல பெரிய குண்டின்னு சொன்ன. நல்லாப் பாத்துட்டுப் போகச் சொன்ன."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்கார்ந்திருந்த நாற்காலி நழுவுகிற மாதிரி இருந்தது. அதோடு போகவில்லையாம். கேப் டிரைவர் பக்கா கன்னடக்காரர். அவரும் ரேடியோவைக் கேட்டுவிட்டுத் திரும்பி, "ஹௌது அம்மா, தும்ப தொட்ட குண்டி" என்று, ஆமாம் ரொம்பப் பெரிய பள்ளம் என்ற அர்த்தத்தில், கையை அகல விரித்துக் காட்டியிருக்கிறார். அவன் அர்த்தத்தை எடுத்துச் சொல்லியும் அந்த அம்மா வாயே திறக்காமல், சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வழி நெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாராம்.

சாயங்காலம் இருவரும் ஜீவனஹள்ளிக்கு வருவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு டியூட்டி, மாற்ற முடியவில்லை. நான் ஓட்டமாக வீட்டுக்குப் போய் அம்மாவை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். "ரோட்டைப் பத்திப் பேச்சு வந்தா பள்ளம்னு சொல்லு. பள்ளம். மறந்துடாத."

"நான் இன்னா கொழந்தையா?" என்று அம்மா கோபித்துக்கொண்டாள். ஆனாலும் போண்டா போடும்போது பள்ளம், பள்ளம் என்று முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

மழையில் நனைந்துகொண்டே வந்தார்கள். அந்த அம்மா ஒல்லியாக, நிமிர்ந்த முதுகோடு, யாருக்கும் பயப்படாத ஆளாகத் தெரிந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். "வாங்கக்கா, குந்துங்க. இன்னா மழை பாத்தீங்களா? தெரு பூரா பள்ளம். எங்க பாத்தாலும் பள்ளம்" என்று அம்மா வரவேற்றுவிட்டு, எப்படி என்பது போல என்னைப் பார்த்தாள். எனக்கு மூச்சு வந்தது.

தட்டில் போண்டா வந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. அந்த அமைதியை அம்மாவால் தாங்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அவனை உற்றுப் பார்த்தாள். சட்டையின் மேல் பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் நிஜமான அக்கறை.

"ஐயோ தம்பி, உங்க குண்டி தொங்குது பாருங்க. அவுந்து எங்கனா வுழுந்துடப் போவுது. கழட்டிக் குடுங்க, ரெண்டு நிமிசத்துல தெச்சுத் தரேன்."

கன்னடத்தில் பொத்தானுக்கும் அதே பேர்தான். பள்ளத்தை மூடிய நான் இதை மறந்துவிட்டேன்.

அவன் சட்டையைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் ஒரு விசும்பல் சத்தம் கேட்டது. அந்த அம்மா அழுகிறார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, முகம் சிவக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "எல, ஒம் மாமியா தச்சுத் தாரேங்கா, குடுல" என்று மகனைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். புரை ஏறியது. அம்மா ஒன்றும் புரியாமல் அவர் தலையில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். அவனும் வெளியே சிரித்தான், அதுவும் சரியான இடத்தில். நான் சிரித்த சிரிப்பில் பாதி பயம் வெளியேறியது.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மேடையில் அப்படித்தானே கணக்கு. கூட்டம் சிரித்துவிட்டால் வேலை முடிந்தது.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம்மா, ஒன்ன எனக்குப் பிடிச்சிருக்கு. தை மாசம் வச்சுக்கிடலாம்" என்றார். பிறகு, அதே குரலில், "ஆனா கல்யாணத்துக்குப் பொறவு அந்த மைக்குச் சோலி வேண்டாம்" என்றார்.

அவன் வாயெடுக்கப் போனான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இது எனக்காக அவன் பேசக்கூடிய விஷயமில்லை.

"அத்தை, உங்க பையன்னா எனக்கு உசுரு. ஆனா மைக்கை விட மாட்டேன்" என்றேன். பின்னாலிருந்து அம்மா என்னைக் கிள்ளினாள்.

"ஊரு சிரிக்கும்மா."

"ஊரு சிரிக்கணும்னுதானே அத்தை நான் காலையில எழுந்து போறேன்."

நான் அதை ஜோக்காகச் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

"நீ சொல்லுத சிரிப்பு வேற" என்றார் அவர். "நான் சொல்லுத சிரிப்ப நீ பாத்ததில்ல. இவங்க அப்பா போனப்ப இவன் ஒண்ணாப்பு படிக்கான். இட்லி மாவு ஆட்டி விக்க ஆரம்பிச்சேன். கடை கடையாப் போடணும்லா? அதுக்கு ஒரு மொபெட்ட வாங்கிப் பழகுனேன். சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு, பின்னால ரெண்டு பக்கமும் மாவு வாளியக் கட்டிக்கிட்டு, முன்னால இவன நிறுத்திக்கிட்டுப் போவேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கவன் பூராவும் சிரிப்பான். வேகத்தடையில ஏறுனா மாவு தளும்பி முதுகெல்லாம் வழியும், அதுக்கும் சிரிப்பான். என் கூடப் பொறந்தவனே வந்து, ஊரு சிரிக்கு, வண்டிய வித்துருன்னான்."

"வித்துட்டீங்களாக்கா?" என்று கேட்டாள் அம்மா. அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"நான் எதுக்கு விக்கணும்?" என்று பட்டென்று வந்தது பதில். "அவன் சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போறான். எஞ்சோலிய நான் எதுக்கு..."

அங்கே நிறுத்திவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அவன் தலையைக் குனிந்துகொண்டான். 

அவர் ஒரு போண்டாவை எடுத்துப் பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கல்யாணத்தன்னைக்காவது லீவு தருவாவளா ஒங்க ரேடியோவுல?"

தருவாங்க அத்தை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.